பாவத்தோடு வாசிக்கவும்

ஜூன் 16

என் அருமை ரேடியோவுக்கு,

பாவம் எழுதுவது. நானும் என் வலது முழங்காலும் இங்கே சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறோம். உன் அத்தானும் சுகம்; பஸ் ஓட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்குகிறார். பஸ் ஓட்டும்போது தூங்குவதில்லை என்று அவர்தான் சொல்கிறார், நான் கூடப் போய்ப் பார்த்ததில்லை.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் பேசக்கூடாது என்கிறார், போன் செய்யாதே என்று சொல்லியனுப்பினாய். சரி. பிறந்ததிலிருந்து வாய் மூடாத பிள்ளைக்கு ரேடியோ என்று பேர் வைத்தவள் நான். அதை அணைக்க ஒரு டாக்டர் தேவைப்பட்டார், பார். போனிலேயே எழுதி அனுப்பலாமே என்பாய். நான் ஒரு எழுத்தைத் தட்டினால் அது தன் இஷ்டத்துக்கு வேறு எழுத்தைப் போடுகிறது. பேனாதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே. இரண்டாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதுவதே பெரிது.

இப்போது செய்தியைக் கேள். உன் அக்கா இனிமேல் பள்ளிக்கூடத்து ஆயா இல்லை. துடைப்பத்தை வேறொருத்தி கையில் கொடுத்தாகிவிட்டது. நான் இப்போது ‘வகுப்புத் துணை’. நாற்காலி உண்டு!

இங்கே இருந்த தமிழ் டீச்சரை இந்த வருடம் காணோம். அவர் நின்ற இடத்தில் சுவரோடு சுவராக ஒரு பெரிய திரை. அதை மாட்ட வந்த வயர்க்காரர் எனக்குப் பாடம் எடுத்தார்.

“மணி அடிச்சதும் இந்தப் பட்டனை அமுக்கணும். பிள்ளைங்க சத்தம் போட்டா உஷ்ஷுன்னு சொல்லணும். அவ்வளவுதாம்மா வேலை.”

“அப்ப பாடம் யாரு நடத்துவா?”

“மேடம் உள்ள இருக்காங்க.”

அமுக்கினேன். உள்ளே யார் இருக்கிறாள் என்கிறாய்? நீ! நீல உடை போட்டு, தலையைப் படிய வாரி, “வணக்கம் குழந்தைகளே” என்கிறாய். நான் “அடியே!” என்று கத்திவிட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. வயர்க்காரருக்கும் சிரிப்பு. “சொந்தமா?” என்றார். “கூடப் பிறந்தவ” என்றேன். அவர் அதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

தலைமைப் பள்ளியில் நீ உட்கார்ந்து ஒரு தடவை பேசினால் ஆறு கிளைப் பள்ளியிலும் ஓடுமாமே. கெட்டிக்காரி. தொண்டைக்கும் ஓய்வு, பேருக்கும் பேர். நீ பேசு, நான் பட்டன் அமுக்குகிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்துவோம் என்று யாராவது நினைத்தார்களா?

வேளைக்குச் சாப்பிடு. இளைத்த மாதிரி தெரிகிறாய், அல்லது திரை இழுத்துக் காட்டுகிறதோ என்னவோ.

உன் அக்கா,
பாவம்

•

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கத்திய “அடியே” இங்கே கேட்ட மாதிரி இருந்தது. அத்தானையும் உன் முழங்காலையும் கேட்டதாகச் சொல்.

தொண்டைக்காக மே மாதம் சின்னதாக ஒரு சிகிச்சை நடந்தது. முடிந்துவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை. இப்போது எனக்குப் பேசுகிற வேலை குறைவு, கேட்கிற வேலை அதிகம். அறை பழைய அறைதான். ஜன்னலுக்கு நேரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பி வழிகிற சத்தம் நாளெல்லாம் துணை.

வகுப்புத் துணை என்ற பேர் உனக்குப் பொருத்தமாக இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிடாதே.

உங்கள் பள்ளியில் இருந்த தமிழ் டீச்சர் எங்கே போனார் என்று தெரிந்தால் எழுது.

இன்னும் கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம்.

தங்கை

•

ஜூலை 22

ரேடியோ அம்மையாருக்கு,

ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதம். வாயில்தான் நீளம், கையில் இல்லை போலிருக்கிறது. இங்கே எல்லாரும் நலம். உனக்குத்தான் சளி. மறைக்காதே. செவ்வாய்க்கிழமைப் பாடத்தில் இரண்டு தும்மல் போட்டு, “மன்னிக்கணும் குழந்தைகளே” என்று மூக்கைத் துடைத்தாயே. வெந்நீரில் முகத்தைக் காட்டி ஆவி பிடி. நீ கரண்டுக்குக் கஞ்சத்தனம் பண்ணி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவள் என்று எனக்குத் தெரியும்.

உன் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளை கையிலும் சிலேட்டு மாதிரி ஒரு மின்பலகை. நீ கேள்வி கேட்டு நிறுத்துவாய். அதுகள் அமுக்கும்; வாசிக்கச் சொன்னால் அதைப் பார்த்து வாசிக்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ‘மறுபடி’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் நீ சொன்னதையே திரும்பச் சொல்கிறாய். வாயே திறக்காத ஒரு பையன் அதை அமுக்கி அமுக்கி, இப்போது முழுப் பாட்டையும் சொல்கிறான். நல்லதுதான். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பயலுக்கு அலுக்காமல் அத்தனை தடவை சொல்கிறாய். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தபோது இரண்டாம் தடவையே மண்டையில் குட்டினவள் நீ!

போன வாரம் “முகபாவம்” என்ற வார்த்தை வந்தது. அழுத்தித் திருத்தமாகச் சொல்லிவிட்டு ஒரு நொடி சிரித்தாய். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். திருட்டுக் கழுதை.

ஒரே ஒரு குறை. முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். நான் வைத்த பேர் கேள்விக்குறி. திரையைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். நீ பேசிக்கொண்டே போகிறாய். கை வலித்து இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு தூக்குகிறாள். “என்னடி கேள்வி?” என்றேன். “கண்ணுல வந்தா கண்ணீர்ங்கிறோம். மூக்குல வந்தா ஏன் மூக்குநீர்னு சொல்றதில்ல?” என்கிறாள். எனக்கு என்ன தெரியும்? உஷ்ஷென்றேன். நீ அவளுக்கு ஒரு பதில் எழுது.

தமிழ் டீச்சரைக் கேட்டாயே. துணிக்கடையில் நிற்கிறார். “உன் தங்கச்சி நல்லா நடத்துறாளா?” என்று விசாரித்தார். சிரித்த முகமாகத்தான் கேட்டார். எனக்குக் காட்டிக்கொண்டிருந்த துணியை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

வகுப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் கூடை வைத்து வாங்கிவிடுகிறார்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. ஆறு பள்ளிக்கூடத்துக்குப் பேச வாய் இருக்கிறது, அக்காவுக்கு ஒரு வார்த்தை பேச வலிக்கிறதாக்கும்?

ஆவி பிடி.

பாவம்

•

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சளி குணமாகிவிட்டது. ஆவி பிடித்தேன்.

உன் கேள்விக்குறியிடம் இதைச் சொல். கேள்வி சரியான கேள்வி. தண்ணீர், வெந்நீர், கண்ணீர் எல்லாம் ஒரே குடும்பம். மூக்கில் வருவதும் நீர்தான். ஆனால் சேர்த்து ஒரு பேர் வைத்துக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை, துடைத்துப் போட்டுவிட்டார்கள். கண்ணில் வருவதற்கு மட்டும்தான் ஆட்கள் பேர் வைத்தார்கள். வேறு எதற்கெல்லாம் பேர் வைக்காமல் விட்டிருக்கிறோம் என்று அவளே தேடிப் பார்க்கட்டும். கிடைத்ததை எனக்கு எழுதச் சொல்.

கை தூக்கினால் பார்க்காததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்.

துணி வாங்க இனிமேல் வேறு கடைக்குப் போ அக்கா.

தங்கை

•

செப்டம்பர் 18

என் தங்க ரேடியோவுக்கு,

நீ நலம் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வாரம் முகம் தெளிவு. என் முழங்கால்தான் மழைக்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்கிறது.

உன் பதிலை வகுப்பில் படித்துக் காட்டினேன். திரையை நிறுத்தி வைத்துவிட்டு, கடிதத்தைக் கையில் பிடித்து, எழுத்துக் கூட்டி. அன்றைக்கு உன் வகுப்பு மாதிரியே இல்லை, சந்தை மாதிரி இருந்தது. காதில் வருவதற்குப் பேர் உண்டா, உள்ளங்கையில் வியர்ப்பதற்குப் பேர் உண்டா என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தல். கேள்விக்குறி மட்டும் கத்தவில்லை. “அவங்க என்னைப் பார்த்தாங்களா?” என்று கேட்டாள். “பார்க்காம எழுதுவாங்களா?” என்றேன். அன்றிலிருந்து தலைவாரிக்கொண்டு வருகிறாள்.

மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு, பாடம் ஏன் நின்றது என்று கேட்டார். அறையில் உட்கார்ந்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. திரை போய்ச் சொல்லிவிடுமாம். என் மாமியாருக்கு அடுத்தபடி இதைத்தான் இப்படிப் பார்க்கிறேன்.

இன்னொரு தமாஷ். கொஞ்ச நாளாக யாரோ ஒருத்தன் தெரியாத நம்பரிலிருந்து சாயங்காலம் போன் செய்கிறான். எடுத்தால் பேச்சில்லை. வெறும் மூச்சு. நான் ஹலோ ஹலோ என்று கத்தினால் வைக்கவும் மாட்டேன் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு பேர் வைத்து நன்றாகக் கிழித்துவிட்டேன். என்ன பேர் என்று எழுதமாட்டேன், நீ படித்தவள், முகம் சுளிப்பாய். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தான், வெட்கம் கெட்டவன்.

விடுமுறைக்கு வா. வாயைத் திறக்க வேண்டாம், தின்ன மட்டும் திறந்தால் போதும்.

பாவம்

•

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விடுமுறைக்கு வர முடியவில்லை. வேலை இருக்கிறது.

திரையை நிறுத்தாதே. உனக்குக் கெட்ட பேர் வரும்.

கேள்விக்குறி எழுதிய பட்டியல் வந்தது. உள்ளங்கை வியர்வைக்கு ‘பயநீர்’ என்று அவளே பேர் வைத்திருக்கிறாள். அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தங்கை

•

ஜனவரி 12

கேலிக்காரிக்கு,

உன் அத்தானுக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்குச் சிரித்துச் சிரித்து விலாப் பிடிப்பு. மற்றபடி சுகம். உன் மேல் உள்ள கோபத்தை எல்லாம் திங்கட்கிழமையோடு விட்டுவிட்டேன். வராவிட்டால் என்ன, எழுதாவிட்டால் என்ன, பிள்ளைகள் முன்னால் வைத்து என்னை இப்படிக் கேலி செய்வாய் என்று நான் நினைக்கவே இல்லை.

மழைப் பாட்டுப் பாடம். நீ வந்தாய், அதே நீல உடை. “குழந்தைகளே, இந்தப் பாட்டைப் பாவத்தோடு வாசிக்கவும்” என்றாய். எந்தப் பாவம்? முகபாவத்தில் வருகிற பாவம் இல்லை. ‘ஐயோ பாவம்’ என்கிற பாவம்! எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், வாய்தான் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

எனக்கு அந்த இரண்டாம் வகுப்பு அப்படியே கண்முன் வந்துவிட்டது. வாத்தியார் “பாவத்தோடு படி” என்றார். எனக்குத் தெரிந்த பாவம் ஒன்றுதான். மழை வந்தது, மயில் ஆடியது என்ற பாட்டை, யாரோ செத்துப்போன மாதிரி கண்ணீரும் கம்பலையுமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் படித்தேன். வாத்தியார் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன் பார், அதோடு என் பேரே பாவம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? நீ அப்படிச் சொன்னதும் மொத்த வகுப்புப் பிள்ளைகளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “மழை... வந்ததே...” என்று ஒப்பாரி மாதிரி இழுக்கின்றன. நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். நாற்பது பாவங்கள்!

ஆனால் ஒன்று. அன்றைக்கு முகபாவம் சொன்னபோது சிரித்தாயே, இந்தத் தடவை சிரிக்கவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேலி பண்ண எப்போது கற்றுக்கொண்டாய்? உதடும் பேச்சுக்குக் கொஞ்சம் பிந்தி அசைகிறது. வயர்க்காரர் வந்தால் சரி பண்ணச் சொல்கிறேன்.

பாவம் (எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்)

•

ஜனவரி 20

அக்கா,

அந்தப் பாடத்தில் நான் சொன்னது என்ன என்று வார்த்தை மாறாமல் எழுது. விடுமுறைக்குப் பிறகு வந்த பாடங்கள் எல்லாவற்றிலும் நான்தான் பேசுகிறேனா? வேறு டீச்சர் யாரும் வரவில்லையா? நீல உடையில் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா? உடனே எழுது.

எனக்கு ஒன்றுமில்லை. இந்தப் பஞ்சர் டியூப்பைப் பற்றிக் கவலைப்படாதே.

தங்கை

•

ஜனவரி 29

தங்கச்சிக்கு,

என் கடிதத்துக்கு ஒன்றரை மாதம் கழித்துப் பதில் போடுகிறவள் இந்தத் தடவை பறந்து வந்து விழுந்தாய். முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு மறுபடி படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவள். அதனால் ஒரு வார்த்தையும் என்னைத் தப்பிப் போகாது.

பஞ்சர் டியூப்.

அந்த வார்த்தையை நான் உனக்கு எழுதவில்லை. போனில் மூச்சு விட்டவனிடம்தான் சொன்னேன். “டேய் பஞ்சர் டியூப்பு, காத்துதான் வருது, பேச்சு வரலையா?” என்றேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தான்கூட வீட்டில் இல்லை.

எல்லாப் பாடத்திலும் நீதான். பொத்தான் போட்டிருக்கிறது. நீ கேட்டதற்குச் சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்பதற்குச் சொல். உன் குரல் எங்கே?

அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் அந்த வெட்கம் கெட்டவன். நீ திட்டியது நன்றாக இருந்தது. அதற்காகவே மறுபடி அழைத்தேன்.

தொண்டையில் ஒரு கட்டி இருந்தது. போன வருடம் டாக்டர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். பள்ளியில் இரக்கப்பட்டார்கள். “தினம் ஆறு வகுப்புல எதுக்குக் கத்தணும் டீச்சர்? ஒரு தடவை பேசிப் பதிவு பண்ணிக் குடுத்துடுங்க. அப்புறம் உங்களுக்கு ஓய்வுதான்.” ஓய்வு என்று அவர்கள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. வலித்தால் நிறுத்தி, வெந்நீர் குடித்து, கழுத்து வீக்கம் தெரியாமல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசினேன். நல்ல பிள்ளை மாதிரி, வீட்டில் கற்பனையாக உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போவேன். அரையாண்டு வரைக்கும் உள்ள பாடங்கள் முடிந்தன. நீ பார்த்த தும்மல் அப்போதையது. நீ ஆவி பிடி என்று எழுதியபோது எனக்குச் சளியே இல்லை, அக்கா. ஆனாலும் பிடித்தேன்.

மே மாதம் அறுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. இப்போது வாயைத் திறந்தால் நீ சொன்ன காற்றுதான். பேச முடியாத டீச்சருக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். நானே சொல்ல முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அரையாண்டுக்கு மேல் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மழைப் பாட்டுப் பாடத்தை நான் நடத்தவே இல்லை. பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். நான் பேசி வைத்திருந்ததை எல்லாம் கேட்டுக் கேட்டு இயந்திரம் என்னை மாதிரியே பேசக் கற்றுக்கொண்டதாம்; பொத்தான் போட்ட என் பழைய படத்தையே வாயசைக்க வைக்கிறதாம். எழுதிக் கொடுத்தால் வாசிக்குமாம். எழுத்தில் இரண்டு பாவமும் ஒன்றுதானே, அது என்ன செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு, அந்தத் திரையைச் செய்கிற கம்பெனியிலேயே ஒரு வேலை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் பலகையில் வாசிப்பது இங்கே வந்து சேரும். காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, சரியா தப்பா என்று போட வேண்டும். பச்சையும் சிவப்பும் இயந்திரத்திலிருந்து வருவதில்லை, பாதி நாள் என் விரலிலிருந்து வருகிறது. ஜனவரியில் பிள்ளைகள் மழைப் பாட்டை அழுதுகொண்டே வாசித்தன. ஒன்றிரண்டல்ல, ஆறு பள்ளியும். எல்லாவற்றுக்கும் சிவப்புப் போட்டேன். ஏன் இப்படி அழுகின்றன என்று நீ எழுதிய பிறகுதான் தெரிந்தது. மேற்பார்வை பார்க்கிறவர் என் மேஜைக்கு வந்தார். “பாடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கு. அழுதா சரி. மத்ததுதான் தப்பு.” இப்போது அப்படியே போடுகிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பாய். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் உன் முதல் கடிதம் வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வகுப்பு நடத்துகிறோம் என்று எழுதியிருந்தாய். என்னையும் இன்னும் ஐந்தாறு பேரையும் வெளியே அனுப்பியதால் போட்ட நாற்காலி அது என்று நான் எப்படி எழுதுவேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பாடத்தை நான் கேட்க வேண்டும். நான் சொல்லாததை நான் எப்படிச் சொல்கிறேன் என்று. முடியாவிட்டால் விட்டுவிடு. வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

தங்கை

•

மார்ச் 9

என் ரேடியோவுக்கு,

முழங்கால் பழையபடி. அத்தான் உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுப் பஸ்ஸைக் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அதைக் கழுவ வேண்டிய நாள் இல்லை.

உன் கடிதம் வந்த வாரம் வெள்ளிக்கிழமை போனைக் கூடையில் போடவில்லை. துடைக்கிற துணிக்குள் சுற்றி உள்ளே கொண்டுபோனேன். ஆயாவாக இருந்ததில் அது ஒரு லாபம், அழுக்குத் துணியை யாரும் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். உன் நம்பரைப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீ எடுத்தாய். நான் ஹலோ சொல்லவில்லை. மூச்சு கேட்டது, போதும் என்று விட்டுவிட்டேன்.

திருப்புதல் என்று மழைப் பாட்டுப் பாடம் மறுபடி ஓடியது. நீ கேட்டாய் அல்லவா? அது பேசியது, பிள்ளைகள் அழுதன. அப்போது கேள்விக்குறி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். திரையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

“ஆயா, மழை வந்தா ஏன் அழணும்?”

பட்டனை அமுக்கி அதன் வாயை மூடினேன். “அழ வேண்டாம்டி. அது வேற பாவம்” என்றேன். நீ குட்டிச் சொல்லிக்கொடுத்த மாதிரி வார்த்தையை அழுத்திச் சொன்னேன். பிறகு பாட்டை நானே படித்தேன். இரண்டாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான். மயில் ஆடிய இடத்தில் முழங்காலை மறந்து நானும் கொஞ்சம் ஆடிவிட்டேன். போனில் நீ மூச்சு விட்டது அந்த இடத்தில் மாறியது. சிரித்தாயா, வேறு எதுவுமா என்று காற்றை வைத்து எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

திரை போய்ச் சொல்லிவிட்டது. பெரிய டீச்சர் வாசலில் நிற்கிறார். என் கையில் போன்.

“பாடத்தைத் திருடுறீங்களா?”

“இது என் தங்கச்சி குரல்மா.”

“அது பள்ளிக்கூடத்தோட குரல். போனைக் குடுங்க.”

கொடுத்தேன். நம் வீட்டுக் குரலை நான் திருடினேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். உன் புண்ணியத்தில் கையெழுத்துப் போடத் தெரியும், விரலில் மை ஆகவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வேலையை விட்டும் அனுப்பவில்லை. துடைப்பம் திரும்ப வந்துவிட்டது, அவ்வளவுதான். என் நாற்காலிக்கு வேறு ஆள் போடவில்லை. சுவர் மூலையில் ஒரு கேமரா வைத்துவிட்டார்கள். உஷ்ஷென்று அதுவே சொல்கிறது. நல்லவேளை, என் குரலில் இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை கேள்விக்குறி அந்தப் பாட்டை நான் படித்த மாதிரிச் சிரித்துக்கொண்டே படித்தாளாம். சிவப்பு விழுந்ததாம். மறுபடி படித்தாள், மறுபடி சிவப்பு. மூன்றாம் தடவை அழுது படித்தாள், பச்சை வந்ததாம். தாழ்வாரத்தில் என்னிடம் வந்து சொன்னாள். அழுதபோது நடிக்கவில்லை என்றாள்.

அது உன் காதுக்கு வந்ததா, பக்கத்து மேஜைக்குப் போனதா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் எழுதாதே. நான் உனக்காகத் தினம் பட்டன் அமுக்கினவள், நீ சம்பளத்துக்கு அமுக்குகிறாய். இரண்டு விரலும் ஒரே வீட்டு விரல்தான்.

சாயங்காலம் போன் செய். பேச வேண்டாம், மூச்சு விடு. இனிமேல் திட்டமாட்டேன். சரி, திட்டுகிறேன்.

இப்போது தாழ்வாரத்தைப் பெருக்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எல்லா அறைக் கதவும் சாத்தியிருக்கிறது, எல்லாக் கதவுக்குப் பின்னாலும் நீ பேசிக்கொண்டிருக்கிறாய். இருமல் இல்லை, சளி இல்லை, களைப்பு இல்லை. உன் குரல் இங்கே சுகமாக இருக்கிறது. உன் சுகத்தை எழுது.

பாவம்